படிப்பு முடிந்தது, அப்புறம்? நீலகிரிப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., ஹோட்டல் மேனேஜ்மென்ட், ஃபார்மசி என்று தொழிலை ஒட்டிய படிப்பை முடித்து வெளியே வரும் நீலகிரிப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் எழுதியது இது. குன்னூர்ப் பக்கம் வேலைவாய்ப்பு வழிகாட்டும் மேசையில் பல வருடமாக உட்கார்ந்திருப்பதால், ஏப்ரல் தேர்வு முடிந்ததும் என்னென்ன கேள்வி வரும் என்பது ஓரளவு மனப்பாடம். கேட்கிற மாதிரியே போட்டிருக்கிறேன். பதிலில் என் கருத்தும் கலந்திருக்கும். பிடிக்காவிட்டால் அதைத் தள்ளிவிட்டுத் தகவலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசி செமஸ்டர் ரிசல்ட் வரவில்லை. வந்த பிறகு வேலை தேடினால் போதாதா?

ரிசல்ட்டுக்காகக் கம்பெனிகள் காத்திருப்பதில்லை. அதுவரை வாங்கிய மதிப்பெண்ணை வைத்தே ஆளை எடுத்துவிட்டு, பாஸானதும் தற்காலிகச் சான்றிதழைக் கொண்டுவரச் சொல்லும் இடங்கள் நிறைய. அதனால் இப்போதே தேடுங்கள்.

ரிசல்ட் வருவதற்குள் முடிக்க வேண்டிய உருப்படியான காரியம் ஒன்று உண்டு. பெயரைச் சரிசெய்வது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், பேங்க் பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், பான் கார்டில் ஒரு எழுத்து கூடியிருக்கும். படிக்கும் காலத்தில் இதை யாரும் கண்டுகொள்வதில்லை. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கு ஆரம்பிக்கும்போதுதான் ஆதாரோடு பொருந்தவில்லை என்று நிற்கும். அப்போதும் எப்படியோ சமாளித்து நுழைந்துவிட்டால், பணம் எடுக்கப் போகும் நாளில் தலைவலி. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே மற்றதை மாற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழை மாற்றுவதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

சாதிச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ், தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழ் எல்லாவற்றையும் ஊரில் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். ஓசூரில் ஷிஃப்டு பார்த்துக்கொண்டு, ஒரு கையெழுத்துக்காக லீவு போட்டு மலையேறுவது வீண் செலவு.

வேலை இங்கேயே, மலையிலேயே கிடைக்காதா?

கிடைக்கும். எண்ணிக்கைதான் குறைவு, அதுவும் புதுசாக வருபவர்களுக்கு இன்னும் குறைவு.

பெற்றவர்கள் மனதில் இன்னும் இந்து நகர் ஃபிலிம் ஃபேக்டரிக் காலம்தான் ஓடுகிறது. 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் ஒருவர் நுழைந்துவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை அந்த வீட்டில் கவலை இல்லை என்று இருந்தது. அந்த ஃபேக்டரியும் இல்லை, ஃபிலிமும் இல்லை. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து அது மியூனிஷன்ஸ் இந்தியா என்ற அரசு நிறுவனத்தின் கீழ் வருகிறது. ஆள் எடுப்பது அறிவிப்பு வரும்போதுதான், போட்டியும் நாடு முழுவதும். கேத்திப் பக்கம் ஊசித் தொழிற்சாலை, குந்தா, பைக்காரா மின் நிலையங்கள், 1907-லிருந்து இயங்கும் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட், ஊட்டியில் புதிதாக வந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று சொல்ல இடங்கள் இருக்கின்றன. ஆனால் மின் நிலையத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் ஆள் எடுப்பது மாநில அளவில், தேர்வு வைத்து. உள்ளூர்க்காரர் என்பதற்காகத் தனி வாசல் கிடையாது.

பலர் கண்டுகொள்ளாத இடம் தேயிலைத் தொழிற்சாலை. "டீ ஃபேக்டரியிலா? அதுக்கா டிப்ளமோ படிச்சேன்?" என்பார்கள். உள்ளே போய்ப் பாருங்கள். சாயங்காலம் இலை வந்து இறங்குகிறது, வாட்டும் தொட்டியில் காற்று ஓடுகிறது, அப்புறம் சி.டி.சி. மெஷினில் இரண்டு ரோலருக்கு நடுவே இலை நசுங்கிக் கிழிந்து சுருள்கிறது. அந்த ரோலரின் பல் மழுங்கினால் தூளின் தரம் இறங்கிவிடும், ஏலத்தில் விலையும் இறங்கிவிடும். ரோலரைக் கழற்றி லேத்தில் போட்டுப் பல் தீட்டி, திரும்ப மாட்டி, இரண்டுக்கும் நடுவே இடைவெளியைச் சரியாக வைக்கத் தெரிந்த ஃபிட்டரை எந்த முதலாளியும் லேசில் விடமாட்டார். இலை வரத்து அதிகமான மாதங்களில் மெஷின் ராத்திரி முழுக்க ஓடும். நடுராத்திரியில் மோட்டார் நின்றால் கூப்பிட ஆள் வேண்டும். ரிசார்ட்டுகளிலும் இதே கதைதான். ஜெனரேட்டர், வெந்நீர் பாய்லர், கழிவுநீர் சுத்திகரிப்பு, வயரிங் எல்லாம் ஒரே ஆளுக்குத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

இதில்தான் சிக்கல். மலையில் இருக்கும் இப்படிப்பட்ட நல்ல வேலைகளுக்கு இரண்டு மூன்று வருடம் கை பழகிய ஆள் தேவை. பழக்கிக்கொடுக்க அவர்களுக்கு நேரமும் இல்லை, தனி ஆளும் இல்லை. பழகும் இடம் கீழே, சமவெளியில் இருக்கிறது. அதனால் என் ஆலோசனை எப்போதும் ஒன்றுதான். முதல் வேலைக்கு இறங்குங்கள். ஆனால் என்ன கற்றுக்கொண்டு வரப் போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு இறங்குங்கள்.

எங்கள் ஊர் பந்தலூர். எல்லோரும் கோயம்புத்தூர் என்கிறார்கள். எங்களுக்கு அது தூரம்.

உண்மைதான். கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்குச் சுல்தான் பத்தேரி, கோழிக்கோடு, மைசூர் எல்லாம் பார்க்கத் தகுந்த ஊர்கள். மலையாளமும் ஓரளவு வரும். மைசூர்ப் பக்கம் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: பந்திப்பூர்க் காட்டுவழி இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடியிருக்கும். ராத்திரி ஷிஃப்டு முடித்துவிட்டு அப்படியே ஊருக்குக் கிளம்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

கேம்பஸில் ஒருவர் "அப்ரண்டிஸ்" என்றார், இன்னொருவர் "ட்ரெய்னி" என்றார், மூன்றாமவர் "கான்ட்ராக்ட்" என்றார். எல்லாம் ஒன்றுதானா?

இல்லை, மூன்றும் வேறு வேறு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அப்ரண்டிஸ் என்பது 1961-ஆம் ஆண்டு பழகுநர் சட்டப்படி நடக்கும் பயிற்சி. 1973-ல் திருத்தம் செய்து பட்டம், டிப்ளமோ முடித்தவர்களையும் சேர்த்தார்கள். டிப்ளமோக்காரர்களுக்கு நாட்ஸ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் பதிவு நடக்கும். தென் மாநிலங்களுக்கான வாரிய அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கு அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா என்று தனி இணையதளம். டிப்ளமோ, பட்டதாரிகளுக்குப் பயிற்சி ஒரு வருடம். 2019 விதிப்படி குறைந்தபட்ச மாத உதவித்தொகை பட்டதாரிக்கு 9,000, டிப்ளமோவுக்கு 8,000, ஐ.டி.ஐ.க்கு 7,000 ரூபாய். இதை உயர்த்த வேண்டும் என்ற பரிந்துரையும் வந்திருப்பதால், கையெழுத்துப் போடும் முன் நடப்புத் தொகையை இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். நாட்ஸில் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது. அது நேராக உங்கள் பேங்க் கணக்குக்கு வரும், அதனால்தான் ஆதார் இணைப்பையும் பெயரையும் பற்றி மேலே அவ்வளவு சொன்னேன். பயிற்சி முடிந்ததும் அரசுச் சான்றிதழ் கிடைக்கும்.

இதன் மறுபக்கமும் தெரிய வேண்டும். சட்டத்தின் கண்ணில் அப்ரண்டிஸ் தொழிலாளி இல்லை, பயிற்சி பெறுபவர். பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் வராது. வருடம் முடிந்ததும் வேலை தந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் கம்பெனிக்குக் கிடையாது. இன்னொன்று: ஒரு வருடம் வேலை பார்த்த அனுபவம் சேர்ந்துவிட்டால் நாட்ஸில் சேர முடியாது. "முதலில் எங்கேயாவது சம்பாதிப்போம், அப்ரண்டிஸ் அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று நினைத்தால் கதவு சாத்தியிருக்கும். செய்வதாக இருந்தால் முதலிலேயே செய்துவிட வேண்டும்.

ட்ரெய்னி என்பது கம்பெனி வைத்துக்கொள்ளும் பெயர். அதற்குத் தனிச் சட்டம் இல்லை, கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். பயிற்சிக் காலம் எத்தனை மாதம், முடிந்ததும் என்ன பதவி, பி.எஃப். உண்டா என்று கேளுங்கள். பதில் கடிதத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் வராது.

கான்ட்ராக்ட் என்றால் நீங்கள் நிற்பது பெரிய கம்பெனியின் வாசலுக்குள், சம்பளம் போடுவது ஒரு ஏஜென்சி. அனுபவச் சான்றிதழிலும் ஏஜென்சி பெயர்தான் வரும். கேட்பதற்கு மாதம் 16,000, 17,000 என்று அப்ரண்டிஸைவிட இரண்டு மடங்காகத் தெரியும், வீட்டிலும் அதைத்தான் எடுக்கச் சொல்வார்கள். நல்ல ஆலையில் 8,000 ரூபாய் அப்ரண்டிஸா, லைனில் நின்று பெட்டி அடுக்கும் 16,000 ரூபாய் கான்ட்ராக்டா என்று கேட்டால் முதலாவதைத்தான் சொல்வேன். வீட்டில் கடன் நெருக்கினால் விஷயம் வேறு. அதை நான் வெளியிலிருந்து முடிவு செய்ய முடியாது.

8,000 ரூபாயில் வெளியூரில் எப்படி இருப்பது?

கம்பெனியே தங்குமிடமும் சாப்பாடும் கொடுத்தால் இருக்கலாம். இல்லாவிட்டால் முதல் ஆறு மாதம் வீட்டிலிருந்து பணம் வந்தாக வேண்டும். இதை மறைத்துப் பேசுவதில் யாருக்கும் லாபம் இல்லை.

சேரும் முன் ஹெச்.ஆரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: கேன்டீன் சாப்பாடு இலவசமா, கம்பெனி பஸ் எந்த ஊர்வரை வரும், ஏற்கெனவே வேலை பார்க்கும் பையன்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள். மூன்றாவது பதில்தான் ரொம்ப உபயோகம். நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் ஒரு இடம் கிடைத்தால் வாடகையும் அட்வான்ஸும் பங்காகிவிடும். தனியாக வீடு பிடித்தால் அட்வான்ஸே பல மாத வாடகையை விழுங்கும்.

பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது முதல் சம்பளத் தேதியில். பல கம்பெனிகள் மாதம் 20 அல்லது 25-ஆம் தேதியோடு கணக்கை மூடிவிடும். நீங்கள் 26-ஆம் தேதி சேர்ந்தால் அந்த நாட்களின் சம்பளம் அடுத்த மாதக் கணக்கில் சேர்ந்து, கைக்கு வர நாற்பது நாளுக்கும் மேல் ஆகும். அதுவரை சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் பணம் கையில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிக் குளிரில் வளர்ந்தவர்களுக்கு மே மாத ஸ்ரீபெரும்புதூர் முதல் வாரத்தில் சாப்பாடே இறங்காது. ஸ்வெட்டர் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பருத்திச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆஃபர் லெட்டரில் மாதம் 18,000 என்று இருக்கிறது. கைக்கு எவ்வளவு வரும்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 18,000-ல் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 12,000 என்று வையுங்கள். பி.எஃப். 12 சதவீதம், அதாவது 1,440. மொத்தச் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 135 ரூபாய். மீதி 16,425. இதில் கேன்டீன், பஸ், ஹாஸ்டல் பிடித்தம் எவ்வளவு என்பது ஆலைக்கு ஆலை மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரியும் பிடிப்பார்கள்.

ஆனால் கடிதத்தில் "வருடத்துக்கு இத்தனை லட்சம்" என்று மட்டும் எழுதியிருந்தால் உஷார். கம்பெனி தன் பங்காகப் போடும் பி.எஃப்., கிராஜுவிட்டி (பணிக்கொடை), போனஸ் எல்லாவற்றையும் அதற்குள்ளேயே அடக்கியிருப்பார்கள். 2.4 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 20,000 என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய், முதல் சம்பளத்தில் முகம் தொங்கிப்போன பிள்ளைகள் வருடா வருடம் உண்டு. "கையில் எவ்வளவு வரும் சார்?" என்று நேராகக் கேட்பதில் தப்பே இல்லை.

இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம். காய்ச்சலுக்கு மட்டுமல்ல, பெற்றோர் உங்களை நம்பி இருந்தால் அவர்களுக்கும் அந்த அட்டையில் சிகிச்சை உண்டு. சேர்ந்த வாரமே குடும்ப விவரத்தைப் பதியச் சொல்லுங்கள்.

பாண்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டும் கேட்கிறார்கள்.

ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், அன்றைக்கே கையோடு திரும்ப வாங்கிவிட வேண்டும். "ஆறு மாசம் எங்ககிட்ட இருக்கட்டும் தம்பி" என்று சிரித்தபடி கேட்கும் இடம், ஆள் ஓடிவிடுவார்கள் என்று தெரிந்தே கேட்கிறது. ஏன் ஓடுகிறார்கள் என்று யோசியுங்கள்.

பாண்டு, அதாவது இத்தனை வருடத்துக்குள் விலகினால் பணம் கட்டுகிறேன் என்று எழுதிக்கொடுப்பது, வேறு விஷயம். "பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது" என்று சீனியர் அண்ணன்கள் தைரியம் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதற்காக யார் எந்தத் தொகை எழுதினாலும் செல்லும் என்று ஆகிவிடாது. உண்மையிலேயே செலவு செய்து பயிற்சி கொடுத்தார்களா, கேட்கும் தொகை நியாயமா என்பதெல்லாம் வழக்கில் வரும். எனக்குத் தெரிந்த எளிய வழி: வெற்றுத் தாளிலோ, தேதியில்லாத செக்கிலோ கையெழுத்து வேண்டவே வேண்டாம். போட்ட தாளுக்கு நகல் வாங்குங்கள்.

மெக்கானிக்கல் டிப்ளமோ. என்னைப் பேக்கிங்கில் போட்டிருக்கிறார்கள். மூன்று மாதம் ஆகிறது.

எனக்கு அதிகமாக வரும் வருத்தம் இதுதான். மாதச் சம்பளம் ஒழுங்காக வருவதால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி, பையனுக்கு மட்டும் உள்ளுக்குள் அரிப்பு.

முதல் மூன்று மாதம் எங்கே போட்டாலும் நில்லுங்கள். புதுசாக வந்தவனை நேரே கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷினில் நிறுத்தமாட்டார்கள், நிறுத்தவும் கூடாது. மூன்று மாதம் தாண்டியதும் சூப்பர்வைசரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். மலைப் பிள்ளைகளிடம் ஒரு கூச்சம் உண்டு. கேட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று வருடக்கணக்கில் பேசாமல் நிற்பார்கள். "சார், எனக்கு மெயின்டனன்ஸ் பக்கம் கத்துக்கணும், ஞாயிற்றுக்கிழமை ஷட்டவுன் வேலைக்கு என்னையும் சேர்த்துக்குங்க" என்று குறிப்பாகக் கேளுங்கள். லைன் நிற்கும் நாளில்தான் மெஷினைப் பிரிப்பார்கள். ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கும் ஆளாக நின்றால்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். தரக்கட்டுப்பாட்டில் இடம் காலியானால் அதையும் கேளுங்கள். மைக்ரோமீட்டர், வெர்னியர், வரைபடம் மூன்றும் கையில் வந்துவிட்டால் அடுத்த இன்டர்வியூவில் பேசப் பொருள் இருக்கும்.

கேட்டும் ஒரு வருடத்தில் எதுவும் மாறவில்லையா, வேறு இடம் பாருங்கள். மூன்று வருடம் பெட்டி அடுக்கியவரை அடுத்த கம்பெனியும் பெட்டி அடுக்கத்தான் கூப்பிடும்.

எலக்ட்ரிக்கல்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டிப்ளமோ இருந்தால் போதும் என்று நின்றுவிடாதீர்கள். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் தரும் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழுக்கு எவ்வளவு அனுபவம் வேண்டும் என்று முதல் வருடத்திலேயே பார்த்து, அதற்கு ஏற்ற அனுபவக் கடிதத்தைச் சேர்த்து வாருங்கள். ஐ.டி.ஐ. என்றால் வயர்மேன் சான்றிதழ். பின்னால் மலைக்குத் திரும்பும்போது உங்களுக்குக் கை கொடுப்பது இந்தத் தாள்தான்.

ஹோட்டல் மேனேஜ்மென்ட் முடித்தேன். ஊட்டியிலேயே இத்தனை ஹோட்டல் இருக்கும்போது வெளியே ஏன் போக வேண்டும்?

ஏப்ரல், மேயில் வேலை கொட்டிக் கிடக்கும். செப்டம்பர், அக்டோபர் இரண்டாவது சீசனிலும் கூப்பிடுவார்கள். நடுவே ஜூன், ஜூலை மழையில் "வீட்டுக்குப் போய்ட்டு வா, கூப்பிடறோம்" என்று சொல்லும் இடங்கள் உண்டு. சீசன் கூட்டத்துக்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு: 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025 சீசனில் ஒரு நாளைக்கு 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் போட்டார்கள். மலைக்கு அது நல்லதா கெட்டதா என்பது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.

என் யோசனை, முதல் இரண்டு வருடம் சென்னை அல்லது பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலில் இருங்கள். அங்கே கிச்சனுக்குள்ளேயே தந்தூர், சைனீஸ், பேக்கரி என்று தனித்தனி செக்‌ஷன், ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொடுக்க ஆள். இங்கே சின்ன ஹோட்டலில் நீங்களே வெங்காயம் வெட்டி, நீங்களே பரிமாறி, ராத்திரி ரிசப்ஷனிலும் உட்காருவீர்கள். எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், எதுவும் ஆழமாகத் தெரியாது.

பிரேக் ஷிஃப்டுக்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மதியச் சாப்பாடு நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரிச் சாப்பாடு நேரத்துக்கு ஒரு தடவை, நடுவே மூன்று நான்கு மணி நேரம் தூங்கவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. நிறையப் பேர் வேலையை விடுவது இதனால்தான். சம்பளத்தால் விடுகிறவர்கள் அதற்கு அப்புறம்தான்.

கப்பலில் வேலை என்று ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள்.

கப்பல் வேலைக்கு ஆள் அனுப்ப மத்தியக் கப்பல் துறை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் உள்ள ஏஜென்ட் வேலை வாங்கித் தருவதற்காக உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்புப் பயிற்சிச் செலவுகள் உங்களுடையவை, அவ்வளவுதான். வளைகுடா மாதிரி தரை வேலை என்றால் ஏஜென்ட் பெயர் வெளியுறவுத் துறையின் இமைக்ரேட் இணையதளத்தில் இருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று வரம்பு உண்டு. டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தமிழ்நாடு அரசுக்கே 1978-லிருந்து அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அதன் அறிவிப்புகளைப் பாருங்கள்.

பொண்ணு எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருக்கிறாள். சென்னைப் பக்கம் ஓரகடத்துத் தொழிற்சாலைக்குப் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா? (ஒரு அம்மா)

அனுப்பலாம் அம்மா. ஆனால் ஒரு தடவை கூடவே போய்ப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அந்தப் பக்கமே வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பேட்டையில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்திருக்கிறார்கள். வேலை பார்க்கும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதிகளும் பல ஊர்களில் இருக்கின்றன. இரண்டாம் ஷிஃப்டு முடிந்ததும் பஸ் விடுதி வாசல்வரை வருமா, முக்கில் இறக்கிவிட்டுப் போய்விடுமா என்று பாருங்கள். வார்டன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் யார் யார் என்று மகள் முதல் வாரமே தெரிந்து வைத்திருக்கட்டும்.

அவளுக்கு ஒரு வார்த்தை: செல்போன் அசெம்பிளி லைனில் பத்தாவது படித்தவரும் டிப்ளமோ படித்தவரும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேலை செய்வார்கள். நீ டெஸ்டிங், ரிப்பேர், தரக்கட்டுப்பாடு என்று கேட்டு வாங்கு.

பி.இ. சேர்ந்துவிடலாமா? வேலை அப்புறம் பார்க்கலாமே.

டிப்ளமோ முடித்தவர் நேராக பி.இ. இரண்டாம் வருடத்திலும், ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக் இரண்டாம் வருடத்திலும் சேரலாம். கணக்கில் தெம்பு இருந்தால், அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். கடன் வாங்கி ஏதோ ஒரு கல்லூரியில் சேருவதற்கு நான் ஆதரவு இல்லை. கோவையில் வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேர பி.இ. படிக்கவும் வழி இருக்கிறது, ஒரு வருட அனுபவமாவது கேட்பார்கள். களைப்பான வழிதான். ஆனால் அப்படிப் படித்து முடித்தவர்களுக்கு வகுப்பில் சொல்வது உடனே புரிகிறது.

டி.ஃபார்ம் முடித்தவர்களுக்கு?

500 மணி நேரப் பயிற்சி, படிப்பு முடித்தவர்கள் எழுதும் எக்ஸிட் தேர்வு, தமிழ்நாடு பார்மசி கவுன்சிலில் பதிவு. இந்த வரிசை முடிந்தால்தான் மருந்தாளுநர். பதிவு கையில் வந்ததும் "நீ கடைக்கு வர வேண்டாம், சர்ட்டிஃபிகேட் மட்டும் கொடு, மாசம் இவ்வளவு தர்றேன்" என்று கேட்டு வருவார்கள். அந்தக் கடையில் என்ன தப்பு நடந்தாலும் மாட்டுவது சுவரில் தொங்கும் உங்கள் பெயர். பதிவே போய்விடலாம்.

அரசு வேலைக்குத்தான் படிக்கப் போகிறேன். தனியாரெல்லாம் வேண்டாம்.

படியுங்கள், ஆனால் வேலை பார்த்துக்கொண்டு. டிப்ளமோ, ஐ.டி.ஐ. தகுதிக்கென்று டி.என்.பி.எஸ்.சி. 2024-ல் தனித் தொழில்நுட்பத் தேர்வு நடத்தியது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன், ஜூனியர் இன்ஜினீயர் தேர்வுகள் இருக்கின்றன. ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு அதன் லெவல் 1 (ஆரம்ப நிலை) பணிகளில் 20 சதவீத இடம் ஒதுக்கீடு உண்டு. ஐ.டி.ஐ. பிள்ளைகள் பலருக்கு இது தெரியவே தெரியாது. ஊட்டி மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மறக்காமல் புதுப்பியுங்கள். அங்கே நடத்தும் தனியார் வேலைவாய்ப்பு முகாமுக்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அது முகாம் இல்லை.

சொந்தமாக ஏதாவது?

இருபத்தோரு வயதில் நேரே கடை திறப்பதைவிட, நாலு வருடம் இன்னொருவர் செலவில் தப்பு செய்து பழகிவிட்டு வருவது மேல். அப்புறம் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள். பட்டம், டிப்ளமோ, ஐ.டி.ஐ. முடித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம் உண்டு. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் திட்டத்தில் 35 சதவீதம். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர் குடும்பத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். தானாகக் கூப்பிட்டுக் கொடுக்கமாட்டார்கள்.

இரண்டு மாதத்தில் திரும்பி வந்துவிட்டேன். வீட்டில் பேச்சு தாங்கவில்லை.

ஏன் வந்தீர்கள் என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். சாப்பாடு, ரூம், வெயில், தனிமை என்றால் அடுத்த தடவை ஊர்க்காரர் ஒருவர் இருக்கும் இடமாகப் பார்த்துப் போனால் பாதி தீரும். மேலாளர் திட்டினார் என்றால் அடுத்த இடத்திலும் ஒருவர் திட்டுவார். பன்னிரண்டு மணி நேரம் நிற்கவைத்தார்கள், ஓவர்டைம் பணம் தரவில்லை, பாதுகாப்புக் கண்ணாடியில்லாமல் கிரைண்டரில் நிறுத்தினார்கள் என்றால் வந்தது சரி, யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாத வேலையை ரெஸ்யூமேயில் போடாமல் விடலாம். நேரில் கேட்டால் மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வேறு வேலை கிடைத்துவிட்டது. நாளையே கிளம்பலாமா?

கூடாது. நியமனக் கடிதத்தில் நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். ராஜினாமாவை மெயிலில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு ஃபோனை அணைத்துவிடாதீர்கள். பணிவிடுப்புக் கடிதம், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு மூன்றும் கைக்கு வரும்வரை ஹெச்.ஆரைத் தொந்தரவு செய்துகொண்டே இருங்கள். சொல்லாமல் ஓடிவந்தவர்களுக்கு இந்த மூன்றும் கிடைப்பதில்லை. இரண்டு வருட உழைப்பு தாளில் எங்கேயும் இல்லாமல் போகும்.

பி.எஃப். பணத்தை எடுத்து பைக்குக்கு முன்பணம் கட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். எடுத்துவிடாதீர்கள். பி.எஃப்.க்கு யூ.ஏ.என். என்று ஒரு எண் தருவார்கள், அது ஒருவருக்கு ஒன்றுதான். புதுக் கம்பெனியில் அதே எண்ணைக் கொடுத்தால் பழைய கணக்கை மாற்றிக்கொள்ளலாம். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடச் சேவை வேண்டும், அந்தக் கணக்கு உங்கள் முதல் வேலையிலிருந்தே ஓடுகிறது. புதுக் கம்பெனியின் படிவத்தில் "இதற்கு முன் பி.எஃப். உண்டா" என்ற இடத்தில் ஆம் என்று டிக் செய்து, எண்ணையும் எழுதிவிடுங்கள்.